512 முகவரிகளில் ஒரு இன்டர்நெட் நிறுவனம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இந்தியாவில் புதிதாக உரிமம் எடுத்து இன்டர்நெட் சேவை தொடங்கும் நிறுவனத்துக்குப் பதிவகம் (முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) கொடுக்கும் ஐபிவி4 முகவரிகள், அதாவது இன்டர்நெட்டில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள், அதிகபட்சம் 512. முந்நூறு வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தாலும் சரி, முப்பதாயிரம் வீடுகளுக்குக் கொடுத்தாலும் சரி, எண் இதேதான். ஓ.எல்.டி. (வீட்டு ஃபைபர்கள் வந்து சேரும் உங்கள் பக்கத்துக் கருவி) எந்தக் கம்பெனி, ஃபைபரை எந்தத் தெரு வழியாக இழுப்பது, பேண்ட்வித் யாரிடம் வாங்குவது என்று எல்லாக் கணக்கும் போட்டு முடித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. அதற்குள் பாதிப் பணம் செலவாகியிருக்கும். ஆகவே முதலில் முகவரி விதிகளைப் படியுங்கள், நெட்வொர்க்கை அதற்குத் தகுந்தபடி வரையுங்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

இந்த 512 எங்கிருந்து வந்தது

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள், அவ்வளவுதான். ஆரம்ப காலத்தில் இவை தாராளமாகக் கொடுக்கப்பட்டன. ஆப்பிள் நிறுவனத்துக்கும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு 1.67 கோடி முகவரிகள் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். எம்.ஐ.டி. தன் பங்கில் பாதியை 2017இல் அமேசானுக்கு விற்றது.

உலகத்தின் மையக் கையிருப்பு ஐயானா என்ற அமைப்பிடம் இருந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா தன்னிடம் மிஞ்சிய ஐந்து பெரிய பிளாக்குகளை (தொடர் முகவரிகளின் தொகுதிகளை) ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் ஏபிநிக். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி ஏபிநிக்கிலும் வழக்கமான கையிருப்பு தீர்ந்து, 103 என்ற எண்ணில் தொடங்கும் கடைசி பிளாக்கைத் தொட வேண்டிய நிலை வந்தது. அன்றிலிருந்து உறுப்பினர் ஒருவருக்கு அந்த பிளாக்கிலிருந்து 1024 முகவரிகள்தான் என்று வரம்பு வைத்தார்கள். 2019 பிப்ரவரி 28 முதல் அதுவும் பாதியானது. இன்றைய 512 அப்படி வந்ததுதான்.

இந்த விதி கஞ்சத்தனமாகத் தெரியலாம். எனக்கு நியாயமாகவே படுகிறது. பத்து வருடம் கழித்து தொழிலுக்கு வரும் ஒருவருக்கும் ஒரு கைப்பிடி மிச்சம் வைக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். வட அமெரிக்காவின் பதிவகத்தில் 2015 செப்டம்பரிலேயே கையிருப்பு தீர்ந்தது. ஐரோப்பாவில் 2019 நவம்பரில் தீர்ந்தது. அங்கே புதியவர்கள் 256 முகவரிகளுக்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்த நிலைமையோடு பார்த்தால் நம் 512 பெரிய உதவி.

யாரிடம் கேட்பது

இந்தியாவில் வழக்கமான வழி இரின். நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் மையங்களை நடத்தும் நிக்சி நிறுவனத்தின் கீழ் 2012இலிருந்து இயங்கும் தேசியப் பதிவகம் இது. ஏபிநிக் பகுதியில் ஜப்பான், தென்கொரியா, சீனா, தைவான், வியட்நாம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய ஏழு இடங்களில் மட்டுமே இப்படித் தனிப் பதிவகம் உண்டு. இலங்கையில் தொழில் செய்கிறவர்கள் நேரடியாக ஏபிநிக்கில் உறுப்பினராக வேண்டும். உரிமம் பற்றிச் சொல்லும் இடங்களைத் தவிர்த்து, கீழே உள்ள நெட்வொர்க் வேலைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாக: நாடு முழுவதற்கும் ஏ, மாநில அளவுக்கு பி, அதைவிடச் சிறிய பகுதிக்கு சி என்று பிரிவுகள் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இந்த உரிம முறையே மாறிவருகிறது. விண்ணப்பிக்கும்போது தொலைத்தொடர்புத் துறையின் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிற கேபிள் ஆபரேட்டராக இருந்தால், முகவரிகள் அந்த நிறுவனத்துடையவை. உங்கள் கையில் எதுவும் இல்லை. ஊரில் சில நூறு இணைப்பு என்றால் அதில் தவறில்லை. அதற்கு மேல் வளர நினைத்தால் அடுத்த பகுதி முக்கியம்.

சொந்த முகவரியா, அப்ஸ்ட்ரீம் கொடுப்பதா

பேண்ட்வித் விற்கும் அப்ஸ்ட்ரீம் நிறுவனம் "ஐபி நாங்களே தருகிறோம், நீங்கள் அலைய வேண்டாம்" என்று சொல்லும். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பதிவக விதிப்படி அந்த முகவரிகள் அவர்கள் பெயரில் இருப்பவை. நாளைக்கு விலை ஏற்றினாலோ, லைன் அடிக்கடி விழுந்தாலோ, வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் முகவரிகள் அங்கேயே நின்றுவிடும். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கிய ஒவ்வொரு கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், பள்ளிக்கும் போய் எண்ணை மாற்ற வேண்டும். அவர்களுடைய வி.பி.என்., சிசிடிவி, வங்கி மென்பொருள் எல்லாவற்றிலும் பழைய எண் பதிந்திருக்கும். இந்த வேலைக்குப் பயந்தே விலை ஏறினாலும் அதே இடத்தில் இருந்துவிடுகிறவர்கள் நிறைய.

சொந்த முகவரியும் சொந்த ஏ.எஸ். எண்ணும் (உங்கள் நெட்வொர்க்குக்கான அடையாள எண்) இருந்தால் இரண்டு அப்ஸ்ட்ரீமோடு பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) போட்டுக்கொள்ளலாம். ஒன்று விழுந்தால் மற்றொன்றில் ஓடும். விலை பேசும்போதும் உங்கள் குரல் எடுபடும். சென்னையில் நிக்சி, எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ், டீ-சிக்ஸ் போன்ற இணைப்பு மையங்களில் சேர்ந்து, மற்ற நெட்வொர்க்குகளோடு நேரடியாக டிராஃபிக் மாற்றிக்கொள்ளவும் ஏ.எஸ். எண் வேண்டும். தொழிலில் நிலைத்து நிற்க நினைக்கிற யாரும் முதல் நாளே சொந்த எண் வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பம்

மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்: ஒரு /23 ஐபிவி4 பிளாக், ஒரு /32 ஐபிவி6 (பஞ்சமில்லாத புதிய தலைமுறை முகவரி) பிளாக், ஒரு ஏ.எஸ். எண். (ஐபிவி4இல் /24 என்றால் 256 முகவரி, /23 என்றால் 512, /22 என்றால் 1024. எண் ஒன்று குறைந்தால் அளவு இரண்டு மடங்காகும்.) நிறுவனப் பதிவுச் சான்று, உரிமம், ஜி.எஸ்.டி., கையெழுத்துப் போடுகிறவருக்கான அதிகாரக் கடிதம், அடையாளச் சான்று, நெட்வொர்க் வரைபடம், அப்ஸ்ட்ரீம் விவரம் ஆகியவை வழக்கமாகத் தேவைப்படும். எல்லாத் தாள்களிலும் நிறுவனத்தின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். வரைபடத்தில் உண்மையான கருவிகளையும் உண்மையான எண்ணிக்கையையும் காட்டுங்கள். பதிவகம் முகவரி தருவது தேவையைப் பார்த்துத்தான். கேள்வி கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த முகவரிகள் உங்கள் சொத்து ஆவதில்லை. தேவை இருக்கும் வரை, ஆண்டுக் கட்டணம் கட்டும் வரை, பயன்படுத்தும் உரிமை மட்டுமே உங்களுடையது.

512ஐப் பங்கு போடுவது

உலக ரவுட்டிங்கில் பொதுவாக ஏற்கப்படும் மிகச் சிறிய ஐபிவி4 பிளாக் /24. உங்கள் /23ஐ அதிகபட்சம் இரண்டாகத்தான் பிரித்துத் தனித்தனியாக அறிவிக்க முடியும். தஞ்சாவூரில் ஒரு மையம், கும்பகோணத்தில் ஒன்று, மன்னார்குடியில் ஒன்று வைத்து மூன்றையும் தனித்தனி அப்ஸ்ட்ரீமில் விடலாம் என்ற திட்டம் இங்கேயே நின்றுவிடும். மூன்று ஊருக்கும் நடுவே உங்கள் சொந்த லிங்க் வேண்டும், அல்லது அப்ஸ்ட்ரீம் இறங்கும் இடம் இரண்டோடு நிற்க வேண்டும். ஃபைபர் ஒப்பந்தம் போடும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் பங்கீடு எளிமையானது. முதல் /24 முழுவதும் சிஜிநாட்டுக்கு, அதாவது சாதாரண வீட்டு வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதற்கு. இரண்டாவது /24இல் ஸ்டாட்டிக் ஐபி கேட்கும் வாடிக்கையாளர்களும், உங்கள் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது), கண்காணிப்பு சர்வர்களும்.

ஸ்டாட்டிக் ஐபி கொடுக்கும்போது பழைய பழக்கத்தில் ஆளுக்கு ஒரு /30 கொடுக்காதீர்கள். ஒரு வாடிக்கையாளருக்கு நான்கு முகவரி போய்விடும். 64 பேருக்குக் கொடுத்தால் ஒரு /24 காலி. பி.பி.பி.ஓ.இ. (யூசர் பெயர், பாஸ்வேர்டு வைத்து இணைக்கும் முறை) வழியாக ஒற்றை முகவரியாகக் கொடுத்தால் அதே இடத்தில் இருநூறு பேருக்கு மேல் கொடுக்கலாம். ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள லிங்குகளில் பப்ளிக் ஐபியே வேண்டாம். ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதக் கட்டணம் வையுங்கள். இலவசமாகக் கொடுத்ததைப் பிறகு திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம்.

வாடிக்கையாளர் பக்கம் உள்முகவரியாக 100.64.0.0/10ஐப் பயன்படுத்துங்கள். 2012இல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட பிளாக் அது. ஏறக்குறைய 42 லட்சம் முகவரிகள் இருக்கின்றன. வீட்டு ரவுட்டர்கள் 192.168 வகையை உள்ளே பயன்படுத்துவதால், நீங்களும் அதையே கொடுத்தால் மோதும்.

சிஜிநாட்டும் போலீஸ் கடிதமும்

ஒரே கதவு எண்ணில் முப்பது குடித்தனம் இருப்பதுதான் சிஜிநாட். வெளியே தெரிவது ஒரு முகவரி. யார் யார் என்று பிரித்துக் காட்டுவது போர்ட் எண். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1024ஐ விட்டுவிட்டு மிச்சத்தை 32 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2016 கிடைக்கும். 256 முகவரிக்கு 8192 வாடிக்கையாளர்கள். ஒரு வீட்டில் நான்கைந்து போன், டிவி, லேப்டாப் எல்லாம் ஓடுவதால் ஆளுக்கு ஆயிரத்துக்குக் கீழே போகாதீர்கள். போனால் பாதிப் பக்கம் திறக்கும், பாதி திறக்காது. வாடிக்கையாளருக்கு என்ன குறை என்று சொல்லக்கூடத் தெரியாது. "நெட் ஸ்லோ" என்று மட்டும் போன் வரும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்பிட்ட போர்ட் வரம்பை ஒதுக்கும் முறையில் கருவியை அமையுங்கள். ஏன் என்றால், ஒரு நாள் சைபர் கிரைம் பிரிவிலிருந்து கடிதம் வரும்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த ஐபியைப் பயன்படுத்தியது யார்? அந்த நேரத்தில் அந்த ஐபியில் முப்பத்திரண்டு குடும்பங்கள் இருந்திருக்கும். கடிதத்தில் போர்ட் எண் இல்லாவிட்டால் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் உத்தேசமாக ஒரு பெயரைக் கொடுப்பது, சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டு வாசலில் போலீஸைக் கொண்டுபோய் நிறுத்துவதாகும். தொழிலில் இதைவிடப் பெரிய பொறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

பதிவுகளைச் சேமிப்பதற்கும் சட்டம் உண்டு. 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டு, ஐபி விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றானது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, கருவிகளின் லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது, கடிகாரங்களையும் என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. நேரம் இரண்டு நிமிடம் பிசகினாலும் தவறான ஆளைக் காட்டிவிடும் என்பதால் இந்த நிபந்தனையில் பொருள் இருக்கிறது. சிஜிநாட் பதிவில் எந்தெந்த விவரம் இருக்க வேண்டும் என்ற துறையின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கருவியை வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க், பேக்கப், லாக் சர்வர் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். முகவரிப் பற்றாக்குறை உங்கள் மேல் ஏற்றும் உண்மையான செலவு இது. முகவரியை எண்ணி முடித்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐபிவி6ஐ முதல் நாளே ஓட்டுங்கள்

சிஜிநாட்டின் சுமையைக் குறைக்க ஒரே வழி ஐபிவி6. யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃப்ளிக்ஸ் மூன்றும் ஐபிவி6இல் வருகின்றன. வீட்டு டிராஃபிக்கில் பெரிய பங்கு வீடியோதான். அது சிஜிநாட்டைத் தொடாமல் நேராகப் போய்விட்டால் சிறிய கருவியே போதும், லாக்கும் குறையும். 2016 செப்டம்பரில் 4ஜி சேவையோடு வந்த ஜியோ, ஐபிவி4 கையிருப்பு தீர்ந்த பிறகு களமிறங்கிய நிறுவனம். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஐபிவி6ஐ அடித்தளமாக வைத்தது. இந்தியா இன்று ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இது விருப்பத்தைப் பொறுத்ததும் இல்லை. 2022 டிசம்பர் 31க்குப் பிறகு கொடுக்கும் புதிய வயர்லைன் வீட்டு இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 டிராஃபிக்கைச் சுமக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சொல்லிவிட்டது.

உங்கள் /32இல் /36 அளவில் பதினாறு துண்டு. ஊருக்கு ஒரு துண்டு ஒதுக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் பத்து லட்சத்துக்கு மேல் /56கள் உண்டு. வீட்டுக்கு ஒரு /56, பெரிய அலுவலகத்துக்கு ஒரு /48. இங்கே தாராளமாக இருங்கள். ஐபிவி4இல் பழகிய சிக்கனத்தை இங்கே கொண்டுவந்து வீட்டுக்கு ஒரே ஒரு /64 கொடுத்தால், வாடிக்கையாளர் வீட்டில் இரண்டாவது நெட்வொர்க் பிரிக்க முடியாமல் போகும். கொடுத்ததை மாற்றாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் புது பிரிஃபிக்ஸ் (முகவரியின் முன்பகுதி) கொடுத்தால் வீட்டுக் கருவிகள் குழம்பும்.

ஓ.என்.டி. (வாடிக்கையாளர் வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி) மொத்தமாக வாங்கும்போது மாதிரிக்கு ஒன்றை வாங்கி, பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் (வீட்டு ரவுட்டருக்கு ஐபிவி6 பிளாக்கை ஒப்படைப்பது) வேலை செய்கிறதா, ஐபிவி6 ஃபயர்வால் இயல்பாக இயங்குகிறதா என்று சோதித்த பிறகு ஆர்டர் போடுங்கள். பெட்டியில் "ஐபிவி6 ரெடி" என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது.

அறிவிப்பதற்கு முன் ஆர்ஓஏ

பிளாக் கைக்கு வந்ததும் பிஜிபியில் அறிவிக்கும் அவசரம் இருக்கும். அதற்கு முன் ஆர்பிகேஐ என்ற முகவரிச் சான்று முறையில் ஆர்ஓஏ போடுங்கள். இந்த பிளாக்கை இந்த ஏ.எஸ். எண்தான் அறிவிக்கலாம் என்று கையெழுத்திட்டுச் சொல்லும் பதிவு அது. 2008 பிப்ரவரி 24 அன்று, தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் /22க்குள் அடங்கிய ஒரு /24ஐ அறிவித்தது. அது அப்ஸ்ட்ரீம் வழியாக வெளியே கசிந்து, உலகத்தின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. சிறிய பிளாக்கின் அறிவிப்புக்குத்தான் ரவுட்டர்கள் முன்னுரிமை கொடுக்கும் என்பதுதான் காரணம். நீங்கள் உண்மையில் அறிவிக்கும் அளவுகளுக்கு மட்டும் ஆர்ஓஏ போடுங்கள். இரண்டு /24ஆக அறிவித்தால் அந்த இரண்டுக்கும், ஐபிவி6க்கும். ஆர்ஓஏவில் ஏ.எஸ். எண்ணைத் தவறாகப் போட்டால் உங்கள் நெட்வொர்க்கே பல இடங்களில் தெரியாமல் போகும், ஆகவே ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

அப்புறம் ரிவர்ஸ் டி.என்.எஸ். (முகவரியைக் கொடுத்தால் பெயரைக் காட்டும் பதிவு) அமையுங்கள். இருப்பிடத் தரவுத்தளங்களில் உங்கள் பிளாக் வேறு ஊரையோ வேறு நாட்டையோ காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்தக் கேளுங்கள். ஓ.டி.டி. செயலிகளில் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

512 போதாதபோது

வேறு நிறுவனத்திடமிருந்து வாங்குவது ஒரு வழி. திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 2011இல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்குப் பதினோரு டாலர் சொச்சம். பத்து ஆண்டில் அந்த விலை ஐம்பது டாலரைத் தொட்டது, பிறகு இறங்கியது. அமேசானின் கிளவுட் சேவை 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 44 டாலர்.

பணம் கொடுக்கும் முன்பு, விற்பவர் பெயரில்தான் பதிவு இருக்கிறதா, ஸ்பேம் கறுப்புப் பட்டியல்களில் அந்த பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றத்துக்குப் பதிவகம் சம்மதிக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 103இல் தொடங்கும் கடைசி பிளாக்கிலிருந்து ஒதுக்கப்பட்டவற்றை ஐந்து ஆண்டுக்கு மாற்ற முடியாது என்பது ஏபிநிக் விதி. நீங்கள் வாங்கும் 512ஐயும் உடனே விற்றுக் காசாக்க முடியாது என்பதும் இதில் அடங்கும்.

என்னைக் கேட்டால், இந்தப் பணத்தில் முதலில் பழைய ஓ.என்.டி.களை ஐபிவி6க்கு ஏற்றவையாக மாற்றுவேன். அதற்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால் மட்டுமே சந்தைக்குப் போவேன்.

வருடா வருடம் செய்ய வேண்டியவை

ஆண்டுக் கட்டண நினைவூட்டலும், முறைகேடு பற்றிய புகார்களும் வரும் மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். வேலையை விட்டுப் போகும் இன்ஜினியரின் சொந்த மெயிலில் இருக்க வேண்டாம். ஏபிநிக் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் புகார் முகவரி உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. பதில் போட ஒரு ஆளை நியமியுங்கள்.

கடைசியாக, இந்த விதிகளை எழுதுவதில் உங்களுக்கும் இடம் உண்டு. ஏபிநிக் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் கூட்டங்களில் விதி மாற்றங்கள் பேசப்பட்டுப் பொது ஒப்புதலுக்கு வருகின்றன. 2016இல் அப்படி ஒரு கூட்டம் கொழும்பில் நடந்தது. உறுப்பினராக இல்லாதவர்களும் கருத்துச் சொல்லலாம், நேரில் போகாமல் இணையம் வழியாகவும் கலந்துகொள்ளலாம். 1024ஐ 512 ஆக்கியதும், ஐந்து ஆண்டுத் தடை போட்டதும் இப்படி வந்த முன்மொழிவுகள்தான். அவற்றைப் பேசி முடிவு செய்தவர்களில் இரண்டாயிரம் வாடிக்கையாளர் வைத்திருக்கும் சிறு ஊர் ஆபரேட்டர்கள் மிகக் குறைவு. முன்மொழிவுகள் கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஏபிநிக் தளத்தில் வெளியாகும். ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். அடுத்த கூட்டத்தின் தேதியைப் பார்த்து, உங்கள் /23ஐப் பாதிக்கும் முன்மொழிவு இருந்தால் படித்துவிட்டு எழுதுங்கள்.